கிள்ளானிலிருந்து வீடு தேடி: பிரிக்பீல்ட்ஸா, செந்தூலா?

கோலாலம்பூரில் குடியேற நினைக்கும் பெண்கள் சிலர் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம்? ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், சித்திரையிலும் வைகாசியிலும் நான்கு சனிக்கிழமைகள் கிள்ளானிலிருந்து ரயிலேறிப் போய் நான் பார்த்ததை இங்கே வரிசையாக எழுதிவிடுகிறேன். வாடகையும் தூரமும் அப்போது குறித்து வைத்தவை. ரப்பர் விலை படுத்துக் கிடந்த சமயம் அது. கப்பல் கப்பலாக ஜனங்கள் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்ததால் காலி வீடுகள் நிறைய இருந்தன. இப்போது வாடகை கொஞ்சம் ஏறியிருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் ஏன் போனேன் என்பதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. என் கணவர் கிள்ளான் ரயில் நிலையத்தில் சரக்குப் பிரிவில் கிளார்க். மாசிக் கடைசியில் காய்ச்சல் என்று படுத்தார். பதினோராம் நாள் போய்விட்டார். நாங்கள் இருந்தது ரயில்வே குவார்ட்டர்ஸ். வைகாசி முடிவதற்குள் காலி செய்ய வேண்டும் என்று கடிதம் வந்தது. அதே வாரம் நாகப்பட்டினத்திலிருந்து என் அண்ணன் கடிதமும் வந்தது. ஆனி மாதக் கப்பலில் புறப்பட்டு வந்துவிடு, அண்ணிக்கும் அடுப்படியில் ஓர் ஆள் துணை வேண்டியிருக்கிறது என்று அன்பாகத்தான் எழுதியிருந்தார். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. சாகிற வரைக்கும் அந்த அடுப்படிதான் என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துபோயிற்று.

என் மகள் சரோஜாவுக்கு ஒன்பது வயது. கிள்ளானில் ஆங்கிலப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். ஊருக்குப் போனால் அதுவும் நின்றுவிடும். எனக்குத் தையல் நன்றாக வரும். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பெண்கள் பள்ளிக்கு எழுதிப் போட்டேன். தையல் ஆசிரியை வேலை, மாதச் சம்பளம் இருபத்தைந்து வெள்ளி, மகளுக்குக் கட்டணமில்லாமல் படிப்பு என்று பதில் வந்தது. ஆக, வேலை இருந்தது. இருக்க இடம் மட்டும் வேண்டும். வைகாசிக்குள் கிடைக்காவிட்டால் கப்பல்.

கிள்ளானிலேயே இருந்துகொண்டு போய்வரலாமே என்று கேட்பீர்கள். கிள்ளானில் வாடகை மலிவு. ஆற்றுக்குத் தெற்கே நல்ல பலகை வீடு ஐந்து வெள்ளிக்குக் கிடைத்தது. காய்கறி வாங்கப் பாசார் பக்கம், ஆஸ்பத்திரியும் பக்கம். ஆனால் போய்வர தினமும் இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ரயிலிலேயே போய்விடும். இன்னொன்றும் உண்டு. எங்கள் குவார்ட்டர்ஸ் தெரு எட்டு வருஷம் பழகிய தெரு. காலையில் நான் தண்ணீர் பிடிக்க வெளியே வந்தால், வேலைக்குப் புறப்பட்டவர்கள் ஏதோ மறந்ததுபோல் வீட்டுக்குள் திரும்பிப் போனார்கள். நான்தான் நேரத்தை மாற்றிக்கொண்டு, எல்லோரும் போனபின் தண்ணீர் பிடித்தேன்.

முதல் சனிக்கிழமை. கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் இருபத்திரண்டு மைல். காலை ஏழு பத்துக்கு ரயில். எட்டு இருபதுக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் வகுப்பு ஐம்பத்தைந்து காசு. அவர் இருந்தவரை எங்களுக்குப் பாஸ் உண்டு. சன்னலில் காசு நீட்டி டிக்கெட் வாங்கியது எனக்கு அன்றுதான் முதல் தடவை.

நிலையத்திலிருந்து பிரிக்பீல்ட்ஸ் நடந்தே போகலாம், கால் மணி நேரம். ரிக்‌ஷாவுக்குப் பத்துக் காசு கேட்பான். மூட்டை இல்லையென்றால் வேண்டாம். தெருமுனையில் காதர் பாய் காத்திருந்தார். ரயில்வே குவார்ட்டர்ஸ்களில் வீடுவீடாகத் துணி விற்கிறவர். எந்த ஊரில் எந்த வீடு காலி என்பது அவருக்குத் தெரியும். எனக்காக மூன்று வீடு பார்த்து வைத்திருந்தார்.

பிரிக்பீல்ட்ஸின் வசதியைக் குறை சொல்ல முடியாது. கோயில், மாதாகோயில், மளிகை, டிஸ்பென்சரி எல்லாம் கூப்பிடு தூரம். பள்ளிக்கூடம் எட்டு நிமிஷ நடை. முக்கால்வாசி ரயில்வே குடும்பங்கள். விலைதான் அதற்கேற்ப இருந்தது. பெரிய சாலைக்குப் பின்னால் செங்கல் வீடு, மின்சார விளக்கோடு, மாதம் பதினாறு வெள்ளி. அதே வரிசையில் ஒரு வீடு விலைக்கும் இருந்தது. இரண்டாயிரத்துக்குக் கட்டியதை ஆயிரத்து இருநூறுக்குக் கொடுக்கிறேன் என்றார்கள். என் கையில் அதில் பாதிகூட இல்லை. இரண்டாவது, ஆற்றங்கரைப் பக்கம் ஒரு பலகை வீடு, ஒன்பது வெள்ளி. உள்ளே சுவரில் இடுப்புயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு ஓடியது. "என்ன பாய் இது?" என்று கேட்டேன். "மழைக்காலத்துல தண்ணி வந்து போகும் தங்கச்சி" என்றார் அவர், விருந்தாளியைப் பற்றிச் சொல்வதுபோல்.

மூன்றாவதைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. ஒரு வீட்டின் பின்கட்டு. தனிக் குழாய், தனி அடுப்படி, ஏழு வெள்ளி. வீட்டுக்கார அம்மா சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"வீட்டுக்காரருக்கு எங்க வேலை?"

"அவர் தவறிட்டாருங்க. போன மாசம்."

சாவி முந்தானைக்குள் போய்விட்டது. "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. எங்க பொண்ணுக்கு இப்பத்தான் வரன் வந்துக்கிட்டிருக்கு. காலையில கதவத் தொறந்தா உங்க மொகம்... நான் பாக்கல, வர்றவங்க பாப்பாங்கல்ல?"

நான் தப்பாக நினைக்கவில்லை. அவர் ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். பதினொன்றரை ரயிலுக்கு நிலையத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு குடும்பம் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டது. யாரிடமாவது ஒரு வார்த்தை பேச வேண்டும்போல் இருந்தது. மணி என்ன என்று கேட்டேன். எனக்கு எதிரிலேயே பெரிய கடிகாரம் இருந்தது.

இரண்டாவது சனிக்கிழமை செந்தூல். கோலாலம்பூர் நிலையத்தில் இறங்கி வேறு ரயில் மாற வேண்டும்; மூன்று மைல், பதினைந்து நிமிஷம், எட்டுக் காசு. சிறிய பஸ்ஸும் உண்டு. ஏழு பேர் உட்காருகிற வண்டியில் பதினொரு பேரை ஏற்றுவான், பெண்களுக்குச் சரிப்படாது. அதற்கு முன்னால் புடு பகுதியையும் பார்த்துவிடலாம் என்று பாய் சொன்னார். பார்த்தோம். கடைகளுக்கு மேலே அறைகள், ஆறு வெள்ளி. பாசார் வாசலிலேயே இருக்கிறது. ஆனால் ஒரே கிணற்றடி பதினான்கு குடும்பத்துக்கு. பள்ளிக்கூடத்துக்கு நேர் வழியும் கிடையாது.

செந்தூலில் எதிலும் கரி. ரயில்வே பட்டறையின் சம்மட்டிச் சத்தம் நிலையத்தில் இறங்கியதுமே கேட்கும். துவைத்துக் காயப்போட்ட சேலையில் புள்ளி புள்ளியாகப் புகை படிந்திருக்கும். தமிழ்ப் பள்ளி பக்கத்தில். ஆங்கிலப் பெண்கள் பள்ளி வேண்டுமென்றால் பிரிக்பீல்ட்ஸ்தான். நிலையத்துக்கும் வீடுகளுக்கும் நடுவில் ஒரு கள்ளுக்கடை. நாங்கள் பார்த்த வீடு ஒரு பலகை வரிசையின் கடைசி. அத்தாப்பு ஓலைக் கூரை, மாதம் நான்கு வெள்ளி. விலைக்கென்றால் முந்நூற்றைம்பது. நிலம் சர்க்காருடையது, வருஷா வருஷம் லைசன்ஸ் புதுப்பிக்க வேண்டும். ஆகவே அங்கே யாராவது வீட்டை விலைக்குக் கொடுக்கிறேன் என்றால் அவசரப்படாதீர்கள்.

வீட்டுக்காரி பாப்பாத்தி அக்கா பக்கத்து வீட்டிலேயே இருந்தார். தோசை சுட்டுப் பட்டறை ஆட்களுக்கு விற்கிறவர். அடுப்பை விட்டு எழுந்திருக்காமலே, "எத்தனை பேரு?" என்று கேட்டார்.

"நானும் எம் மகளும்."

"ஆம்பளை?"

"இல்லைங்க. தவறிட்டாரு."

"நல்லதாப் போச்சு. இந்த வரிசையில இருக்கிற ஆம்பளைங்களே போதும்லா" என்று சொல்லிவிட்டுத் தோசையைத் திருப்பினார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்லதாப் போச்சு என்ற சொல் நெஞ்சில் குத்தியது. கணக்கும் ஒத்துவரவில்லை. நான்கு வெள்ளி வாடகை, எனக்கு ரயில் மாதச் சீட்டு இரண்டரை வெள்ளி, சரோஜாவுக்கு ஒன்றேகால். ஏழே முக்கால் ஆகிறது. பிரிக்பீல்ட்ஸ் பின்கட்டைவிட முக்கால் வெள்ளி அதிகம், தினமும் ஒரு மணி நேரமும் போகும். செந்தூல் மலிவு என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

திரும்பும்போது பிளாட்பாரத்தில் காதர் பாய் தயங்கித் தயங்கிச் சொன்னார். "தங்கச்சி, பிரிக்பீல்ட்ஸ்ல இன்னொரு எடம் இருக்கு. நல்ல குடும்பம். நீங்க உண்மையச் சொன்னா அங்கயும் இதே கததான். ஒரு பொட்டு வச்சிக்கிட்டு வாங்க. வீட்டுக்காரரு ஈப்போல வேலையா இருக்காருன்னு சொல்லிடுங்க. ஊர்ல பாதி ஆம்பளைங்க வெளியூர்லதான் இருக்காங்க. யாரு போய்ப் பாக்கப் போறா?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் காலில் செருப்புத் தேய்வதைப் பார்த்துத்தான் சொன்னார்.

மூன்றாவது சனிக்கிழமை பெட்டியின் அடியிலிருந்து நீலச் சேலையை எடுத்துக் கட்டினேன். சரோஜாவின் மெல்லிய சங்கிலியைக் கழுத்தில் போட்டு, முனை தெரியாமல் ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டேன். பொட்டை வீட்டில் வைக்கத் துணிவில்லை. கோலாலம்பூர் நிலையத்துப் பெண்கள் காத்திருக்கும் அறையில், யாரும் இல்லாதபோது, கண்ணாடி முன்னால் நின்று வைத்தேன். பழைய முகம் அப்படியே திரும்பி வந்தது. அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது, அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

வீட்டுக்கார அம்மாள் பெயர் ராஜேஸ்வரி. ஐம்பது வயதிருக்கும், கணவர் சர்க்கார் ஆபீசில் தலைமைக் கிளார்க். பக்கவாட்டில் இரண்டு அறை, தரை சிமெண்ட், குழாய், வாசலில் ஒரு கொய்யா மரம். ஏழு வெள்ளி. பள்ளிக்கூட மணி அங்கிருந்தே கேட்டது. அவர் கேட்டார், நான் ஈப்போ என்றேன். அவ்வளவுதான். உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்துக் காபி கொடுத்தார். இரண்டு மாதத்துக்குப் பின் ஒரு வீட்டில் என்னை முன்கூடத்தில் உட்காரவைத்தது அன்றுதான்.

"தனியா இருக்கமேன்னு நெனைக்காத. ராத்திரி பயமாயிருந்தா சுவத்தத் தட்டு. அவரு லீவுல வரப்போ நம்ம வீட்டுலதான் சாப்பாடு, சொல்லிட்டேன்" என்றார்.

நானும் சிரித்துக்கொண்டே, "சொல்றேங்க, ரொம்ப சந்தோஷப்படுவாரு" என்றேன். எவ்வளவு எளிதாக வந்தது அந்த வார்த்தை! ஒரு மாத வாடகை முன்பணம் கொடுத்துவிட்டு மூன்று மணி ரயிலைப் பிடித்தேன்.

ரயில் கிளம்பி, பெட்டாலிங் தாண்டியபின் டிக்கெட் பார்க்கிறவர் வந்தார். செல்லையா அண்ணன். என் கணவரோடு ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர். பாடைக்குத் தோள் கொடுத்த நால்வரில் ஒருவர். என்னைப் பார்த்ததும், "என்னம்மா, தனியா..." என்று தொடங்கினார். அப்போதுதான் அவர் கண் என் நெற்றிக்குப் போனது. பொட்டை அழிக்க மறந்திருந்தேன்.

திட்டியிருந்தால்கூட ஏதாவது சொல்லியிருப்பேன். டிக்கெட்டை வாங்கினார், ஓட்டை போட்டார், முகத்தைப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தார். பக்கத்துப் பெட்டிக்குப் போகிற கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார். கிள்ளான் வரும்வரை அந்தக் கதவு திறக்கவில்லை.

முந்தானையால் நெற்றியைத் தேய்த்து அழித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். சரோஜா வாசலுக்கு ஓடிவந்தாள். "வீடு கெடச்சிடுச்சாம்மா?" கிடைத்தது என்றேன். கொய்யா மரம் இருக்கிறது என்றேன். அவள் குதித்தாள். பிறகு உட்காரவைத்துச் சொன்னேன், அந்த வீட்டில் யாராவது அப்பாவைப் பற்றிக் கேட்டால் ஈப்போவில் வேலை என்று சொல்ல வேண்டும், வேறெதுவும் பேசக்கூடாது என்று. ஏன் என்று அவள் கேட்கவில்லை. தன் தாயின் முகத்தைப் படிக்கத் தெரிந்த பிள்ளை. பாடம் ஒப்பிக்கத் தயாராகிறவள்போல் கேட்டாள்:

"லீவுக்கு ஏன் வரலன்னு கேட்டா என்னம்மா சொல்லணும்?"

"வேலை அதிகம்னு சொல்லு."

"தீபாவளிக்கு?"

அவள் அழவில்லை, நானும் அழவில்லை. தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, அடுத்த வருஷத்துக்கு ஒன்று என்று இந்தப் பிள்ளை பொய்யைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அவரை நினைத்து வாய்விட்டு அழக்கூட அந்த வீட்டில் எங்களுக்கு இடம் இருக்காது.

நான்காவது சனிக்கிழமை வெள்ளைச் சேலையோடு, வெறும் நெற்றியோடு பிரிக்பீல்ட்ஸ் போனேன். செல்லையா அண்ணன் மூலம் தெரிந்துவிடும் என்று பயந்து போனேனா, மனசு கேட்காமல் போனேனா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ராஜேஸ்வரி அம்மாள் என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார். "ஐயோ, ஈப்போலேருந்து ஏதாச்சும் சேதியா?" என்று கையைப் பிடித்தார். அந்த ஒரு நிமிஷம்தான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டம். அவர் நிஜமாகவே கலங்கியிருந்தார்.

நின்றபடியே உண்மையைச் சொன்னேன். அவர் கை விலகிற்று.

"மொதல்லயே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா வீடு குடுத்திருப்பீங்களா?"

அவர் கொய்யா மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். "தெரியல" என்றார். "குடுத்திருப்பேனோ என்னமோ. ஆனா இனிமே நீ எது சொன்னாலும் இது நெசமான்னு பாத்துக்கிட்டே இருப்பேன். எனக்கு அது வேணாம், உனக்கும் வேணாம்."

முன்பணத்தை எடுத்து வந்து கொடுத்தார். கோபமாக இல்லை. வாசல்வரை வந்து, தெருவில் நான் திரும்புகிறவரை நின்றார். என்னை உள்ளே உட்காரச் சொல்லவில்லை. அவர் கேட்டதிலும் சொன்னதிலும் ஒரு தப்பும் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அங்கிருந்து நேரே செந்தூல் ரயிலைப் பிடித்தேன். மணி பதினொன்று. வீடு இன்னும் காலியாகத்தான் இருந்தது. பாப்பாத்தி அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்னா, வேற எங்கயும் கெடைக்கலயா?" என்றார். "கெடைக்கலைக்கா" என்றேன். "சரி, உள்ள போயி கூரையப் பாத்துக்க. ரெண்டு எடத்துல ஒழுகும். நானே சொல்லிட்டேன், அப்புறம் சண்டைக்கு வரக்கூடாது." அவர் ஒளிவுமறைவில்லாமல் பேசியது அன்றைக்கு எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. வைகாசி இருபத்தாறாம் தேதி மாட்டு வண்டியில் சாமான் வந்து இறங்கியது. அண்ணனுக்கு நான் வரவில்லை என்று எழுதினேன். அதற்கு அவர் இன்னும் பதில் போடவில்லை.

இரண்டு வருஷமாக அங்கேதான் இருக்கிறோம். காலை ஆறே முக்கால் ரயில், மாலை நாலு பத்து ரயில். சரோஜா ரயிலிலேயே பாடம் படித்துவிடுகிறாள், வகுப்பில் மூன்றாவது. யாராவது கேட்டால், அப்பா இறந்துவிட்டார் என்று தெளிவாகச் சொல்கிறாள். கேட்காவிட்டாலும் சில சமயம் சொல்கிறாள். செந்தூலில் என்னைக் கண்டு யாரும் வீட்டுக்குள் திரும்பிப் போனதில்லை. காலையில் வேலைக்கு ஓடுகிற பெண்களுக்கு யார் முகத்தையும் பார்க்க நேரமில்லை. அதற்காக யாரும் வந்து உட்கார்ந்து பேசுகிறார்கள் என்றும் இல்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் சரோஜாவைத் தவிர வேறு யாரிடமும் பேசாமலே பொழுது போய்விடும்.

இனி, தேடப் போகிறவர்களுக்கு. வாடகையை மட்டும் பார்க்காதீர்கள். ரயில் சீட்டையும் போகிற நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். ஆற்றோர வீடென்றால் முதலில் சுவரைப் பாருங்கள், பிறகு விலை பேசுங்கள். உங்களைப் பற்றி எது சொல்ல வேண்டியிருந்தாலும் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். கதவு சாத்தினால் போய்வந்த ரயில் காசு நஷ்டம், அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று. வீட்டைக் காலை வேளையில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். நான் நான்கு சனிக்கிழமையும் காலையில்தான் பார்த்தேன். குடிவந்த அன்று மாலை ஐந்து மணிக்குப் பட்டறைச் சங்கு ஊதியது. சற்று நேரத்தில் வரிசை முழுக்க ஆண்கள் கரிபடிந்த கையோடு வந்தார்கள். ஒவ்வொரு வீட்டுக் கதவும் திறந்தது, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குழந்தை கத்திக்கொண்டு வெளியே ஓடியது. நானும் சரோஜாவும் எங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசி ஆளும் தன் வீட்டுக்குள் போனபின், எங்கள் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்பு மூட்டினேன். ஆகவே மாலை ஐந்து மணிக்குப் போய் அந்த வாசலில் நின்று பாருங்கள். அந்த அரைமணி நேரம் உங்களால் நிற்க முடிந்தால், அந்த வீட்டில் உங்களால் குடியிருக்க முடியும்.